டகோட்டாவின் ஜன்னல்கள்

அறுபதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நான் எழுத்தர். வயது இருபத்திரண்டு. அப்பா தவறிவிட்டார். வீட்டில் அம்மா, என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா, நான். அக்கா பக்கத்து ஊரான பேரிகையில் ஆசிரியை. காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவாள். எனக்கு இருந்த ஒரே கிறுக்கு மாதிரி விமானங்கள் செய்வது.

பெங்களூரிலிருந்து கிளம்பும் விமானங்கள் சில நாட்களில் எங்கள் ஊருக்கு மேலே வந்து திரும்பிப் போகும். சத்தம் கேட்டால் பேனாவை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடுவேன். பெங்களூர் நடைபாதையில் பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. அதில் டகோட்டா விமானத்தின் வரைபடம் இருந்தது, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முன்னாலிருந்தும் பார்த்தபடி. எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டால் இறக்கை நுனிக்கு நுனி பதினாறு அங்குலம் வந்தது. கல்யாண முருங்கைக் கட்டையை நிழலில் காயவைத்துச் சவரப் பிளேடால் செதுக்கினேன். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து என் விரல் ரேகையே அழிந்துபோயிருந்தது. இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் வெள்ளிப் பெயின்டை வடிகட்டிப் பூசினேன். ஐந்து மாத வேலை.

மிச்சமிருந்தது ஜன்னல்கள்தான். பழைய எக்ஸ்ரே பிலிமை வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊறவைத்தால் கறுப்பெல்லாம் வழிந்து, லேசான நீலத்தில் கண்ணாடிபோல் ஒரு தகடு கிடைக்கும். வேண்டாத பிலிம்களை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் எனக்குத் தருவார். அந்தச் சமயம் பார்த்து அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். பெங்களூரில் ஒரு கண்காட்சி. திங்கட்கிழமைக்குள் விமானத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலேயே ஒரு பிலிம் இருந்தது. அக்கா வேலைக்குச் சேரும்போது பெங்களூரில் எடுத்த மார்புப் படம். வலது நுரையீரலின் மேற்பக்கம் சின்னதாக ஒரு தழும்பு. எப்போதோ காசநோய் வந்து தானாகவே ஆறிப்போனது, பயமில்லை, ஆனால் இந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். அம்மா அதை டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தலைவலி என்று சொல்லி மாதா கோயில் பூசைக்குப் போகாமல் படுத்துக்கொண்டேன். அம்மாவும் அக்காவும் தெரு திரும்பியதும் எழுந்து பெட்டியைத் திறந்தேன். தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. உறையில் அக்காவின் பெயர் இருந்தது, படித்தேன். ஆறிப்போனதுதானே, இனி இது எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வேண்டியிருந்தது உள்ளங்கையகலம். நுரையீரல் படாத ஓரத்தில் வெட்டியிருந்தால்கூடப் போதும். வெட்டின அடையாளம் தெரிந்தால் அம்மா கேட்பாளே என்று முழுப் படத்தையும் அண்டாவில் முக்கினேன். முதலில் விலா எலும்புகள் கலங்கின. கால் மணி நேரத்தில் எல்லாம் போய்விட்டது. உறையை அடுப்பில் போட்டேன்.

கண்காட்சிக்கு அக்காவையும் அழைத்துப்போனேன். என் டகோட்டாவைச் சுற்றித்தான் கூட்டம். கன்னடக்காரர் ஒருவர் குனிந்து பார்த்து, “ஈ கிளாஸ் எல்லி சிக்கித்து?” என்று, கண்ணாடி எங்கே கிடைத்தது எனக் கேட்டார். எக்ஸ்ரே பிலிம் என்றேன். அக்கா அசந்துபோனாள்.

“எக்ஸ்ரேயிலயா செஞ்ச? எப்பிடிடா இதெல்லாம் தோணுது உனக்கு!”

பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், “எங்க தம்பிதாங்க செஞ்சான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது. சாயங்காலமானால் காய்ச்சல். மூன்று வாரமாகியும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் புதிதாகப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“முன்னாடி எப்பவாச்சும் எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களாம்மா?”

“எடுத்திருக்கோங்க சார். வீட்ல பத்திரமா இருக்குதுங்க” என்றாள் அம்மா.

“அத எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் இது பழைய தழும்பா, புதுசா வந்ததான்னு சொல்ல முடியும்.”

அன்று வீட்டைப் புரட்டிப்போட்டார்கள். டிரங்குப் பெட்டி, மெத்தைக்கு அடியில், மாதா படத்துக்குப் பின்னால். நானும் தேடினேன். ஸ்டூலில் ஏறிப் பரண்மேல் கையை விட்டுத் துழாவினேன். இல்லாத ஒன்றை அத்தனை சிரத்தையாகத் தேடிய என்னை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அம்மா திடீரென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வெள்ளையடிக்கறப்ப எல்லாத்தையும் வெளிய எடுத்து வெச்சேன். பழைய பேப்பரோட சேத்து நான்தான் போட்டுட்டேன் போலிருக்குது. ஐயோ, படிக்காத முண்டம் நான்!”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “போனாப் போவுதும்மா, விடும்மா” என்றாள். நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. முகம் கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டேன்.

சளியில் காசநோய்க் கிருமி தெரியவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பழகுகிறவள், பழைய படமும் இல்லை, துணிந்து விட முடியாது என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தினமும் ஊசி. பள்ளிக்கு நீண்ட லீவு. கிருஷ்ணகிரியில் ஒரு குடும்பம் பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பாக்குவெற்றிலைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தது. விஷயம் எப்படியோ அவர்கள் காதுக்கு எட்டியது. அதன்பின் அவர்களிடமிருந்து பேச்சே இல்லை.

டகோட்டா அலமாரிமேல் நின்றது. வருகிறவர்கள் பார்க்கக் கேட்பார்கள் என்று அம்மா சனிக்கிழமை தோறும் அதைத் துணியால் துடைத்து வைப்பாள். ஊசி ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது அதை எடுத்து உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். பூனை தள்ளிவிட்டது என்று சொன்னேன். “ஐயோ, எத்தன மாசப் பாடு கண்ணு!” என்று அம்மா எனக்காக வருத்தப்பட்டாள். அதன்பிறகு நான் ஒரு விமானமும் செய்யவில்லை.

மூன்றாவது மாதம் அக்காவுக்குக் காதில் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. நடந்தால் தள்ளாடினாள். டாக்டர் உடனே ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார். தள்ளாட்டம் போயிற்று, காது சரியாகவில்லை. உடம்பு தேறி மறுபடி வேலைக்குப் போனாள். பிள்ளைகளைப் பக்கத்தில் வந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொல்வாளாம். கல்யாணப் பேச்சு அதன்பிறகு ஒன்றிரண்டு வந்தது, எதுவும் கூடவில்லை.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கடவுள் மன்னிப்பாரு. மொதல்ல வீட்ல போய்ச் சொல்லுப்பா” என்றார். சரிங்க சாமி என்று வந்தவன் ஆறு வருஷம் சொல்லவில்லை. அதற்குள் அம்மா போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில்கூட அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் படத்த நான் தொலைக்காம இருந்திருந்தா உனக்கு இந்தக் கதி வந்திருக்குமா” என்றாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, அக்கா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்.

“என்னடா? கேக்கல. சத்தமாச் சொல்லு.”

பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கும்படி நான் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. உன் எக்ஸ்ரேயை நான்தான் எடுத்தேன், அம்மா தொலைக்கவில்லை, ஜன்னலுக்காக நான்தான் கழுவினேன்.

அக்கா சாம்பல் கையோடு என்னையே பார்த்தாள். அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமே” என்றாள்.

“பயமா இருந்துச்சுக்கா.”

“எனக்குச் செஞ்சத நான் மன்னிச்சிருவேன். அம்மாவுக்குச் செஞ்சத நான் எப்பிடிடா மன்னிக்கறது?”

பாத்திரங்களை உள்ளே எடுத்து வைத்தாள். அந்த மாதமே பேரிகையில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தாள், எல்லா வேலையும் இழுத்துப்போட்டுச் செய்தாள், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பிறகு என் பிள்ளைகள் பிறந்தபோது வந்தாள். அவர்களோடு விளையாடினாள், என்னோடும் பேசினாள். ஊர் நிலவரம், மழை, பஸ் நேரம் எல்லாம் பேசுவோம். அம்மாவைப் பற்றி மட்டும் எங்களுக்குள் பேச்சு வந்ததே இல்லை. கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்ற அவள் காலையில் போவாள், நான் மாலையில் போவேன்.