ஆறு பிள்ளைகளும் ஒரு காப்பீடும்

காலை ஏழு மணிக்கு அந்த வீட்டுக் கதவு திறந்தால், வேலைக்கு ஓடும் தாய்மார்கள் ஆறு பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போவார்கள். மாலை ஆறுக்குத்தான் திரும்ப வருவார்கள். நடுவில் ஊட்டி, மூக்கு துடைத்து, அடிதடி விலக்கி, தூங்கவைத்து, யார் எத்தனை மணிக்கு ஆய் போனார் என்பதுவரை சுவர்ப் பலகையில் எழுதி வைப்பவள் பிள்ளைக்கார அக்கா. தெரு வைத்த பெயர் அது. பதினொரு வருடமாக உரிமம் வாங்கி இதைச் செய்கிறாள். ஆனாலும் சொந்தக்காரர்கள் விசாரித்தால் அவள் வீட்டுக்காரரின் பதில் ஒன்றுதான்: "அவ சும்மா வீட்லதான் இருக்கா."

அவர் அட்டைப்பெட்டிக் கிடங்கில் மேற்பார்வையாளர். பன்னிரண்டு பேர் அட்டை மடிப்பதைக் கைகட்டி நின்று பார்ப்பது வேலை. ஆறு வாண்டுகளைப் பதினொரு மணி நேரம் கட்டி மேய்ப்பது சும்மா இருப்பது. என்ன ஞானம் பாருங்கள்.

வீட்டுக் காப்பீட்டுப் படிவத்தை வருடா வருடம் நிரப்புவதும் அந்த ஞானிதான். 'வீட்டிலிருந்து வருமானம் தரும் வேலை ஏதும் நடக்கிறதா?' என்ற கேள்விக்குப் பதினொரு முறையும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பொய் என்று தெரிந்து எழுதியிருந்தால்கூட மன்னிக்கலாம். மனமார நம்பி எழுதியிருந்தார்.

மாடியில் துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் வெடித்து, கூடத்தின் கூரை ஊறித் தொங்கியபோது குட்டு உடைந்தது. சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். கூரையைப் பார்க்க வந்தவர் சுவரைப் பார்த்தார். முழங்கால் உயரத்தில் ஆறு கொக்கிகள், ஆறு துண்டுகள், மாடிப்படி அடியில் தடுப்புக் கதவு.

"இவ்ளோ பிள்ளைங்களும் யாரோடது?"

"எல்லாம் சொந்தக்காரங்க பிள்ளைங்க சார்," என்றார் வீட்டுக்காரர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. இவர் ஆறு பூசணிக்காயை மறைக்கப் பார்த்தார், அதிலும் இரண்டு அப்போது அலறிக்கொண்டிருந்தன. வந்தவர் சுவரில் மாட்டியிருந்த உரிமத்தை வரி விடாமல் படித்தார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. கூரைக்கு எதுவும் கிடையாது, காப்பீடும் ரத்து. பிள்ளை பார்க்கும் வேலை நடக்கிறது என்று தெரிந்தே கொடுத்த காப்பீடு இல்லாத வீட்டில் ஒரு பிள்ளைகூட இருக்கக் கூடாது என்பது உரிம அலுவலகத்தின் விதி. இத்தனை வருடம் காப்பீட்டு எண்ணை மட்டும் பார்த்து முத்திரை குத்திய அந்த அலுவலகத்துக்கு, ரத்தான செய்தி போனதும் திடீரென்று கண் திறந்தது. மாதக் கடைசிவரை கெடு கொடுத்தார்கள். வீட்டுக்காரர் நிரப்பிய காப்பீட்டுத் தாளை ஒருமுறைகூடப் பிரித்துப் படிக்காததற்கு அக்கா தன்னையும் திட்டிக்கொண்டாள். தாய்மார்களில் ஒருத்தி பேருந்து ஓட்டுகிறாள், இன்னொருத்தி மருத்துவமனையில் தரை துடைக்கிறாள். பிள்ளையை விட இடமில்லையென்றால் அவர்கள் பிழைப்பும் போய்விடும்.

பிள்ளைகள் தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில் நிறுவனம் நிறுவனமாகப் போன் போட்டாள். வீட்டுப் பிரிவு அதை வியாபாரம் என்றது. வியாபாரப் பிரிவு அதை வீடு என்றது. ஒரு பெண், "பிள்ளைங்கள சரக்குன்னு போடறதா மேடம், வாடிக்கையாளர்னு போடறதா?" என்று கேட்டாள்.

"சரக்கா இருந்தா அலமாரில அடுக்கிட்டு நானும் தூங்குவேனே," என்றாள் அக்கா.

காப்பீட்டு முகவரான கொழுந்தனார் வந்து பெரிய மனதோடு யோசனை சொன்னார். "அண்ணி, உறவுக்காரப் பிள்ளைங்கன்னே போட்டுருங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

"உங்க அண்ணனும் இதையேதான் சொன்னாரு. வந்து பாத்துட்டாங்க."

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது, பேருந்து ஓட்டும் தாய் ஒரு சின்ன நிறுவனத்தின் எண்ணைக் கொண்டுவந்தாள். அங்கே போனை எடுத்த அம்மாள் சிரிக்கவில்லை, வேறு பிரிவுக்கும் தள்ளவில்லை. குழாயில் வரும் வெந்நீர் எவ்வளவு சூடு, மருந்து எங்கே பூட்டி வைக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில், "பதினொரு வருஷமா? நல்ல அனுபவம்தான்," என்றாள். வீட்டில் ஒருவரும் சொல்லாததை முகம் தெரியாத ஒருத்தி சொல்லிவிட்டாள்.

தாள்கள் வந்தன. குடும்பத் தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு தன் பெயரைத் தேடினார். முதல் பக்கத்தில் இல்லை. மூன்றாம் பக்கத்தில் பெயரில்லாமல் இருந்தார்: 'பணியிடத்தில் தங்கியிருக்கும் பிற பெரியவர்கள் – ஒருவர்.' அந்த ஒருவர் காவல் நிலையத்தில் நன்னடத்தைச் சான்று வாங்கித் தந்தால்தான் திங்கள் முதல் காப்பீடு.

"என் வீட்ல நான் இருக்க எனக்கே சர்டிபிகேட்டா?"

"வேண்டாம்னா வேற எங்கயாவது தங்கிக்குங்க," என்றாள் அக்கா.

சனிக்கிழமை இருவருமாகப் போனார்கள். காவலர் படிவத்தைப் பார்த்தார்.

"எந்த வேலைல சேரறதுக்கு?"

"வேலைக்கு இல்ல சார். வீட்ல தங்கறதுக்கு."

"யாரு வீட்ல?"

"என் வீட்லதான்."

காவலர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்காரர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை.

"என் மனைவி அங்க பிள்ளைங்கள பாத்துக்கறாங்க சார்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அதுதான் அவங்க வேலை."

"காதுல விழல. சத்தமா சொல்லுங்க, எழுதணும்."

அவர் சத்தமாகச் சொன்னார். காவலர் எழுதிக்கொண்டார்.