பிளவக்கல் மழையும் மைதீன் பிச்சையின் தொண்டையும்

மைதீன் பிச்சைக்குப் பன்னிரண்டு வருஷமாகக் கைதட்டல் வாங்கிப் பழக்கம். அதில் ஒன்றுகூட அவருக்கானதல்ல. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் வேலை. கோயில் கொடை, கல்யாணம் என்றால் மெல்லிசைக் குழுவில் பாட்டு. சினிமாவில் கேட்டதை அச்சுப் பிசகாமல் பாடுகிறவன்தான் அங்கே பாடகன். தன் குரல் எவ்வளவுக்கெவ்வளவு வெளியே தெரியாமல் இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு பேர் கிடைக்கும்.

தொண்ணூற்றாறில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. சொந்தக் குரலில் ஒரே ஒரு பாட்டு. அதைக் கேட்கிறவன், "இது மைதீன் பிச்சை" என்று சொல்ல வேண்டும். தானே எழுதி மெட்டும் கட்டிய ‘பிளவக்கல் மழையே’யை மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் பாடிப் பதிவு செய்தார். சினிமாவில் சேராத இந்த மாதிரிப் பாட்டைக் காலேஜ் பிள்ளைகள் ‘பாப்’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். மூலக் கேசட்டை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ரெக்கார்டிங் சென்டரும் கேபிள் டிவியும் நடத்திய சங்கிலிப்பாண்டியிடம் கொடுத்தார். அவன் பிரதி எடுத்து விற்றான். அட்டையில் ஒரு மேகத்தை மட்டும் அச்சடித்திருந்தான்.

"எம்பேரு எங்கப்பா?"

"பாட்டு மொதல்ல நிக்கட்டும் பாய். பொறவு பேரு தன்னால வரும்."

பாட்டு நின்றது. டவுன் பஸ்ஸில், டீக்கடையில், தறிச்சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. பேர் மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக வீடியோ வந்தது. சங்கிலிப்பாண்டி தன் அக்கா மகன் சுந்தரபாண்டியனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பிளவக்கல் அணையில் நிற்க வைத்து, கல்யாண வீடியோ எடுக்கும் கேமராவால் பிடித்துத் தன் கேபிளில் விட்டான். மழைக்கு ஒரு பம்புசெட்டை வாடகைக்கு எடுத்திருந்தான். பையன் வாயசைத்தான், அதுவும் அரை நொடி பிந்தி.

ரசிகர்கள் இரண்டுபட்டார்கள். "கொரலுக்கேத்த மொகம்" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் இளவட்டம் அவனைப் போல முடிவெட்டிக்கொண்டது. ராஜபாளையத்துத் தறிக்காரர்களுக்கோ வயிறு எரிந்தது. அவர்களில் கருத்தையா என்பவன் டீக்கடையில் கிளாஸைக் கீழே வைக்காமல் பேசினான்.

"மழையில நனையுதவனுக்குக் கண்ணாடி எதுக்குலே? பாடுனவன் எங்கயோ ஏமாந்துபோயி உக்காந்திருப்பான். அவனுக்காக நான் கேபிளையே அறுப்பேன்."

ஏமாந்துபோனவர் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். "அது நாந்தாம்ப்பா" என்றார்.

"எங்க, பாடுங்க பாய்."

பாடினார். நன்றாகத்தான் பாடினார். கருத்தையா மரியாதையோடு கடைசி வரை கேட்டான்.

"குத்தஞ்சொல்லல பாய். ஆனா அது இளசான கொரலு. ஒங்களுது கனமால்லா இருக்கு."

வீட்டுக்கு வந்து மனைவி ரஹ்மத் பீவியிடம் சொன்னார். அவள் சோறு வைத்தபடியே, "அவிய சொல்லுததுல என்ன தப்பு? கேசட்டுல நீங்க எனக்கே பத்து வயசு கம்மியாத்தான் தெரியுதீக. நான் அதுல ஆசையா கேக்கேன்" என்றாள்.

மறுநாள் சங்கிலிப்பாண்டி கடையில் மூலத்தையும் பிரதியையும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். பிரதி எடுக்கிற டெக்கில், மூலக் கேசட்டைப் போடும் பக்கத்தில் இருந்த மோட்டார் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நிமிஷப் பாட்டில் பத்து விநாடி காணோம். குரல் ஒரு படி மேலே ஏறி இளசாகியிருந்தது. யாருக்குமே தன் குரல் டேப்பில் அந்நியமாகத்தான் இருக்கும் என்று இத்தனை மாதம் அவர் தன்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். ஊர் கட்சி பிரிந்து சண்டை போட்டது ஒரு மோட்டாருக்காக.

மோட்டாரைச் சரி செய்ய வைத்தார். சரியான வேகத்தில் ஐம்பது கேசட், அட்டையில் கொட்டை எழுத்தில் ‘பாடியவர்: மைதீன் பிச்சை’. ஆச்சரியம், சங்கிலிப்பாண்டி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் அவர் போனபோது, "செத்த நேரம் கடையப் பாத்துக்கோங்க பாய், ரத வீதியில லயன் கட்டாயிருச்சு" என்று சங்கிலிப்பாண்டி சைக்கிளில் கிளம்பினான். கல்லாவுக்குப் பக்கத்தில், திரும்பி வந்த கேசட்டுகள் பதினேழு கிடந்தன. சுந்தரபாண்டியனின் ஆட்கள், தறிக்காரர்கள் இரண்டு தரப்பும் கொண்டுவந்து போட்டவை. முதல் தடவையாக அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருந்தார்கள்.

பதினெட்டாவதைக் கருத்தையா கொண்டுவந்தான்.

"பாய், நீங்க இங்கதானா? இது இழுக்குது. தூக்கத்துல பாடுதவன் மாதிரி இருக்கு. அட்டையில எவன் பேரோ வேற போட்டிருக்கு. டூப்ளிகேட்டுன்னு நெனைக்கேன். அசல் இருந்தா மாத்திக் குடுங்க."

அவனுக்கு அவர் இத்தனை நாளும் வெறும் பாய்தான். அட்டையில் இருப்பது தன் பேர் என்று காட்டலாமா என்று மைதீன் பிச்சை யோசித்தார். காட்டினால் திரும்பவும் பாடச் சொல்வான். மேல் தட்டில் மேகம் போட்டது ஒன்று பாக்கி இருந்தது. எடுத்துத் துண்டால் துடைத்து, டெக்கில் போட்டுக் காட்டினார்.

"ஆங், இதான்" என்றான் கருத்தையா.