மச்சான் என்று கூப்பிட்டேன்

இந்த நாட்டில் கணவன் மனைவியாக வாழ்ந்தால் மட்டும் போதாது, அதைப் பாடமாகவும் படித்து ஒப்பிக்க வேண்டும். ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். போன குளிர்காலம் முழுவதும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, நானும் என் கணவர் காதரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம். கிரீன் கார்டு நேர்காணலில் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள், இருவர் பதிலும் ஒத்துப்போக வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

"டீக்கு நான் எத்தனை கரண்டி சர்க்கரை போடுவேன்?"

"ரெண்டு."

"நான் சர்க்கரையே போடமாட்டேன் மச்சான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு கரண்டி போட்டுக் குடித்தவள் என் அக்கா ரஹ்மத். எந்தப் பக்கம் படுப்பேன், எதற்குப் பயப்படுவேன் என்று எதைக் கேட்டாலும் அவருக்கு அவள்தான் நினைவில் வந்தாள். திருத்தத் திருத்த எனக்கே குழம்பியது. நாய்க்குப் பயந்தது அவளா, நானா?

காதர் முதலில் எங்கள் வீட்டுக்கு அக்காவின் மாப்பிள்ளையாக வந்தவர். எங்களுக்கு நாயுடுபுரத்தில் வீடு, கொடைக்கானல் பஜாரில் என்னைப் பெற்ற அத்தாவுக்குத் தைலக்கடை. நிக்காஹ் அன்று பந்தலுக்குள் மேகம் புகுந்து மாப்பிள்ளையின் முகமே தெரியவில்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான் பால் டம்ளரை நீட்டி, "எடுத்துக்குங்க மச்சான்" என்றேன். அன்றிலிருந்து அவர் எனக்கு மச்சான். பிறகு அக்காவை அவர் அமெரிக்காவுக்குக் கூட்டிவந்தார், வந்த இடத்தில் அவள் நோயில் விழுந்தாள். பார்த்துக்கொள்ள இங்கே வந்தேன். இந்த ஊர் மையவாடியிலேயே அவளை அடக்கினோம். நான் ஊர் திரும்பப் பெட்டி கட்டும்போது அவர் வந்து நின்றார்.

"நீயும் போயிட்டா அவளப் பத்திப் பேச எனக்கு ஆளில்ல, சபீனா."

இதைப் பெண் கேட்பது என்று சொல்லலாமா, இன்றுவரை தெரியவில்லை. சம்மதித்தேன்.

நேர்காணலில் அதிகாரி ஒரு பெண். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார். வீட்டில் கணவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று அதிகாரி என்னைக் கேட்டார். "மச்சான்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கி, 'பிரதர் இன் லா' என்றார். அதிகாரியின் பேனா நின்றது. இன்னமும் இவர் உங்களுக்கு அக்காவின் கணவர்தானா? எங்கள் பக்கம் புருஷனையும் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று விளக்கினேன். விளக்க விளக்க அது பொய்யைப் போலவே கேட்டது. பாதி பொய்தானே.

அவர் காதரிடம் திரும்பி, கடைசியாக எப்போது சண்டை போட்டீர்கள் என்றார். நாங்கள் படிக்காத கேள்வி அது. காதர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். இன்று காலையில்தான். கிளம்பும் அவசரத்தில், ரஹ்மத், வெரசா வா என்று கூப்பிட்டுவிட்டேன். இவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவளையே கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். காரில் ஒரு வார்த்தை பேசவில்லை.

உண்மையா என்பதுபோல அதிகாரி என்னைப் பார்த்தார்.

"ஆமா. இன்னும் கோவம் போகல" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் அவர் லேசாகச் சிரித்தார். பேனா மறுபடி ஓடியது.

கார்டு வந்த பிறகுதான் ஊருக்குப் போக முடிந்தது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டார், ஆனால் கேட்டதெல்லாம் அக்காவைப் பற்றி. அடக்கிய இடத்தில் மரம் இருக்கிறதா, பனி விழுந்தால் யார் தள்ளிவிடுவார்கள், யார் போய்ப் பார்க்கிறார்கள்.

"ரம்ஜான் வரைக்கும் இங்க இருக்கேம்மா."

"இங்க உனக்கு என்ன சோலி? அவ அங்க தனியாக் கெடக்கா. வெள்ளனே கெளம்பு."

வத்தலக்குண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மேகம் இறங்கி பஸ் நிலையமே மங்கிக்கிடந்தது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"போனதும் அவகிட்டச் சொல்லிரு" என்றார்.

பஸ் நகர்ந்தது. அந்தச் சலாமுக்குப் பதில் சொல்லாமல், அதை அப்படியே வாய்க்குள் வைத்துக்கொண்டு மலையிறங்கினேன்.