பீரங்கி ஏறிய சரிவு

அக்காவுக்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. காரமடையில் அவள் வீட்டில் எப்போதும் கறவை மாடு உண்டு. சொந்தக்காரர்கள் எல்லோரும் வெளியூருக்குக் கிளம்பினாலும், பால் கறக்க ஆள் வேண்டுமே என்று அவள் தங்கிவிடுவாள். போன கார்த்திகையில் கடைசி மாட்டையும் விற்றாள். தை பிறந்ததும் துடியலூரிலிருந்து போய் அவளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

கும்பகோணத்துக் கோயில்களை முடித்துவிட்டு, கடைசி நாள் மாலை கடலோரத்துக் கோட்டைக்கு வந்தோம். இரவு ரயிலில் திரும்ப வேண்டும். முட்டி தேய்ந்த அக்காவால் மணலில் நடக்க முடியாது. கோட்டை மதில்மேல் போனால் கடல் நன்றாகத் தெரியும் என்று விசாரித்து வைத்திருந்தேன். வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த இடம். இப்போது சுண்ணாம்பு பூசி, விளக்குப் போட்டு, பழைய வெடிமருந்துக் கிடங்கில் சிப்பிப் பொம்மை விற்கிறார்கள்.

நான் டிக்கெட் வாங்கி வந்தபோது, அக்கா மதிலடியில் பெஞ்சில் இருந்தாள். அங்கிருந்து கடல் தெரியவில்லை; அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

"சக்கர நாற்காலி வண்டி இருக்குதான்னு கேக்கட்டுமாக்கா?"

"இருக்குது அம்மணி. இங்க வேலை பாக்கறவரு வந்து வேணுமான்னு கேட்டாரு. வேண்டாங்கன்னேன்."

"ஏனக்கா?"

"ஒருக்காத்தான் கேட்டாரு. மறுக்கா கேப்பாருன்னு பாத்தேன். போயே போயிட்டாரு!"

எங்கள் ஊர்ப் பக்கத்தில் காப்பி வேண்டுமா என்று கேட்டால்கூட முதலில் வேண்டாங்க என்றுதான் சொல்வோம். இரண்டாம் முறையும் அதுதான். மூன்றாம் முறை கேட்ட பிறகே, அரை டம்ளர் போதுங்க என்போம். கடலோரத்து ஆளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அந்த வண்டி வேறொரு பெரியவரோடு மேலே போயிருந்தது. அது இறங்கி வந்தபோது வெயில் தாழ்ந்து, கோட்டையைப் பூட்டும் நேரம் நெருங்கிவிட்டது. முன்பு அக்காவிடம் கேட்ட அந்த வண்டி தள்ளுபவரிடமே, மூன்று முறை கேட்கும் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, வண்டி வேணுமா?"

"உங்களுக்கு எதுக்குங்க செரமம்..."

"வேணுமா? இதோட மூணு தடவை கேட்டாச்சு. ஏறி உக்காருங்க."

அக்கா உட்கார்ந்தாள். பட்டாளத்தார் பீரங்கிகளை மேலே இழுக்கக் கட்டிய சரிவு அது. சீரமைத்தபோது கல் பாவி, ஓரத்தில் கம்பி வைத்திருந்தார்கள். அவர் தள்ள, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.

"என்னைப் பீரங்கியாட்டத் தள்றீங்களே!"

"பீரங்கி பேசாதும்மா."

மதில் விளிம்புக்கு அருகில் வண்டியை நிறுத்தினார். கடல் முழுவதும் எதிரே இருந்தது. அக்கா, காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கீழே காவலாளி விசில் ஊதினார். வண்டி தள்ளுபவர் எட்டிப் பார்த்து, வருகிறோம் என்று கையைக் காட்டினார். பிறகு அக்காவிடம் குனிந்து கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கீங்களாம்மா?"

"இருக்கறனுங்க," என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.