ஆறாத கப்பல்

என் விண்வெளி நாவலின் போர் அத்தியாயத்தில், கதாநாயகி முப்பது பேர் இருக்கும் தன் கப்பலின் எஞ்சினை அணைத்துவிட்டு இருட்டில் ஒளிந்துகொள்கிறாள். ஐந்து நிமிடத்தில் கப்பல் சில்லிட்டுப் போகிறது. வெப்பத்தைத் தேடி வரும் எதிரிகள் எதுவும் தென்படாமல் கடந்து போகிறார்கள். அவள் பின்னாலிருந்து சுடுகிறாள். பதிப்பாளருக்கு இந்த அத்தியாயம்தான் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இறுதிப் பிரதி வந்தால் அச்சுக்குப் போகும் என்றார். என் முதல் நாவல். வயது ஐம்பத்தெட்டு.

நாளிதழில் இருபத்தாறு ஆண்டுகள் பிறர் எழுத்தில் பிழை பார்த்தவன் நான். என் எழுத்தையும் ஒருவர் பார்க்கட்டும் என்று, குன்னூரில் என் வாடகை வீட்டுக்குக் கீழே உள்ள தேயிலைத் தொழிற்சாலையின் டீ மேக்கரிடம் கொடுத்தேன். கொழுந்து வாட்டுவதிலிருந்து தூள் உலர்த்துவதுவரை அவர் பொறுப்பு. பாராட்டுவார் என்ற எண்ணமும் இருந்தது.

புதன்கிழமை மதியம் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஏனுங்க சார், கப்பலுக்கு வெளிய காத்தே இல்லீங்களா?”

“இல்லைங்க. வெற்றிடம்.”

“அப்புறம் உள்ள இருக்கற முப்பது பேரோட சூட்டை எது எடுத்துட்டுப் போகுங்க?”

விண்வெளி கடுங்குளிர் என்றேன்.

“குளிரு இருந்தாப் போதுங்களா? மார்கழியிலயே வாட்டற ஃபேன் நின்னுச்சுன்னா, குமிச்ச கொழுந்து தன்னால சூடேறிச் செவந்துருதுங்க. காத்து ஓடுனாத்தான் சூடு எறங்கும். உங்க கப்பல் லேசுல ஆறாதுங்க. அஞ்சு நிமிசம்னு எங்க பாத்தீங்க?”

எங்கும் பார்க்கவில்லை. என் மேசையில் காபி ஆற ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். ஓர் அமைச்சரின் இனிஷியலைச் சரிபார்க்க மூன்று பேருக்குப் போன் செய்தவன், அண்டவெளியின் தட்பவெப்பத்தைக் குன்னூர் டம்ளரை வைத்து முடிவு செய்திருந்தேன்.

அவர் விடவில்லை. “ஓவேலிக் காட்டுப் பக்கம் ஹீட் கேமராவுல யானையைத் தேடறாங்கல்லங்க. புதருக்குள்ள நிக்கற யானையே தெரியுது. சுத்திலும் ஒண்ணுமே இல்லாத எடத்துல அத்தாம்பெரிய கப்பல் தெரியாதுங்களா?”

இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். புதிய வடிவில் யாராலும் ஒளிய முடியாது. மாதக்கணக்கில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் சொந்தக் கப்பலே சூடாகிறது. கடைசியில் இரு தரப்பும் புழுக்கம் தாளாமல் பேச்சுவார்த்தைக்கு வருகின்றன. அறிவியலில் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பினேன். மாலை பதிப்பாளர் அழைத்தார்.

“சார், அட்டையில கப்பல் வெடிக்கிற மாதிரி படம் போட்டாச்சு. இங்க ரெண்டு பக்கமும் வேர்த்து ஊத்த சமாதானம் பேசிட்டிருக்காங்க. சண்டை எங்க சார்? பழசையே போடறதா, இல்ல நாவலை நிறுத்திடறதா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

“பழசையே போடுங்க.”

புத்தகம் வந்துவிட்டது. டீ மேக்கர் ஒரு பிரதி கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். இப்போதெல்லாம் பஸ் ஏறத் தொழிற்சாலை வழியாக இறங்குவதில்லை. தோட்டத்தைச் சுற்றி மேட்டுப் பாதையில் போகிறேன். அரை மணி நேரம் கூடுதல், முழங்கால் வலிக்கிறது.