தரைக்கு ஆகாத புளிப்பு

பாத்திரம் துலக்கும் நீர் காய்ச்சுவதை முத்துமாரி நகைப் பட்டறையைப் பார்த்துப் பழகினாள். அவள் கணவர் சிவராஜ் காரைக்குடியில் நகை செய்பவர். பற்றவைத்துக் கறுத்த நகையைப் புளித்தண்ணீரில் போட்டு எடுத்து, பூந்திக்கொட்டை நுரையில் பிரஷால் தேய்த்துக் கழுவுவது அங்கே அன்றாட வேலை. அதையே அவள் அடுப்படிக்குக் கொண்டுவந்தாள்.

பூந்திக்கொட்டையை விதை நீக்கி ஊறவைத்து, சிறு தீயில் காய்ச்சி, ஆறியபின் பிசைந்து இரண்டு முறை வடிகட்டுவாள். ஒருமுறையோடு விட்டால் சக்கை தங்கி நீர் சீக்கிரம் கெட்டுவிடும். ஜூஸ் கடையிலிருந்து எடுத்துவரும் எலுமிச்சைத் தோலை வெல்லத் தண்ணீரில் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைப்பாள். அந்த டப்பாவின் மூடியை நாள்தோறும் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். இரண்டையும் கலந்தால் எண்ணெய்ப் பிசுக்கும் போகும், பித்தளையும் மினுங்கும். புளிப்பு பட்டால் எதுவும் துலங்கும் என்று அவள் நம்பினாள். பட்டறையில் அது ஒருநாளும் பொய்த்ததில்லை.

வள்ளிக்கண்ணு ஆச்சி தன் பூர்வீக வீட்டை விடுதியாக நடத்துகிறார். முத்துமாரி விற்கும் இந்த நீரை அதிகமாக வாங்குவது அவர்தான். அந்த அடுப்படியைப் பார்த்துத்தான் அருகிலுள்ள இன்னும் இரண்டு விடுதிகளும் வாங்கத் தொடங்கின. ஆச்சி நிறுத்தினால் அவர்களும் நிறுத்திவிடுவார்கள். அப்படியிருக்க, அடுப்படித் தரைக்கும் ஏதாவது தரும்படி ஆச்சி கேட்டார். முத்துமாரி அதே நீரில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கொடுத்தாள். மற்ற இரண்டு விடுதிகளும் அதைக் கேட்டு வாங்கின.

சில வாரம் கழித்து ஆச்சி ஆள் அனுப்பி அழைத்தார். அடுப்பைச் சுற்றிப் பதித்திருந்த, வண்ணச் சிமெண்டில் வார்த்த ஆத்தங்குடிக் கல்லில் சிவப்பு வெளுத்து, சுண்ணாம்பு பூசியது போல் இருந்தது.

"பாத்திரமெல்லாம் பளபளங்குது. தரை செத்துப்போச்சு, பாரு" என்றார் ஆச்சி.

குனிந்து தடவிப் பார்த்த முத்துமாரி, ரசம் சிந்தியிருக்கும் என்றாள். சமையல்காரர் சோணை கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏத்தா, நான் ரசத்த ஊத்தியா தரை துடைக்கிறேன்? நீங்க குடுத்த தண்ணிய ஊத்தித்தான துடைக்கச் சொன்னீக?"

இனி கடைத் திரவமே வாங்கிக்கொள்வதாக ஆச்சி சொன்னார். பாத்திரத்துக்குமா என்று முத்துமாரி கேட்டாள். எல்லாவற்றுக்கும்தான் என்றார்.

தங்கத்தின் தரம் பற்றிப் பேச்சு வந்தால் பட்டறையில் யாரும் வாதாடுவதில்லை, உரைகல்லை எடுப்பார்கள். தரை பதித்தபோது மிஞ்சிய கல் இருக்கிறதா என்று முத்துமாரி கேட்டாள். சாமான் அறையிலிருந்து ஒன்று வந்தது. அதன் நான்கு மூலைகளிலும் நான்கு துணித்துண்டுகளை வைத்தாள். ஒன்றில் சோணையின் ரசம், ஒன்றில் அவள் கொடுத்த தரை நீர், ஒன்றில் எலுமிச்சை சேராத பூந்திக்கொட்டை நீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணி காயக் காய அதையே ஊற்றி நனைக்கும்படி சோணையிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் மூவரும் கல்லைச் சூழ்ந்து நின்றார்கள். துணிகளை எடுத்துக் கழுவி, உலரும்வரை முத்துமாரி காத்திருந்தாள். ஈரத்தில் எல்லா நிறமும் நன்றாகத்தான் தெரியும். காய்ந்தபின் இரண்டு மூலைகள் வெளுத்திருந்தன. ரசம் வைத்த மூலையைவிட அவளுடைய நீர் வைத்த மூலையில் வெளுப்பு கூடுதல்.

"என் தண்ணிதான் ஆச்சி. சிமெண்டுக் கல்லுக்குப் புளிப்பு ஆகாது போல."

"அப்ப தரைக்கு வேற என்ன குடுப்ப?"

"இனி தரைக்கு நான் ஒண்ணும் குடுக்கல. வெறுந்தண்ணியில தொடைங்க, காஞ்சதும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியில தேய்ங்க. போன நிறம் திரும்பாது, வெளுப்பு கொஞ்சம் மங்கித் தெரியும், அவ்வளவுதான்."

ஆச்சி அந்தக் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாத்திரத்துக்கு வழக்கம்போல் அனுப்பும்படி சொன்னார். சோணை, ரசத்துக்கும் பாதிப் பழி உண்டுதானே என்று கேட்டு, தானே சிரித்துக்கொண்டார்.

அன்றே முத்துமாரி மற்ற இரண்டு விடுதிகளுக்கும் போய்த் தரை நீர்க் கேன்களைத் திருப்பிக் கேட்டாள். ஒன்றில் கொடுத்துவிட்டார்கள். இன்னொன்றில் வாசனை நன்றாக இருப்பதாகச் சொல்லித் தர மறுத்தார்கள். வெளுத்த மூலைகளைக் காட்ட, ஆச்சி வீட்டுக் கல்லை வாங்கிக்கொண்டு அவள் மறுபடி அங்கே போனாள்.