லோகப்பிரியா சொன்ன "இல்லீங்க"

அமராவதி அணை நிரம்பி வழிந்தாலும், "ஏனுங்க, கொஞ்சம் அந்தப் பக்கமா போறீங்களா?" என்று கேட்டே வெள்ளத்தைத் தாராபுரத்துக்கு அனுப்பிவிடக்கூடிய ஒரே பிறவி, உடுமலைப்பேட்டை லோகப்பிரியா. ஆறு எப்படியும் தாராபுரத்துக்குத்தான் போகும் என்பது வேறு விஷயம்.

கொப்பரைக் களத்தில் வேலை. தேங்காய்ப் பருப்பைக் கொத்த வரும் காக்காயைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார். ஏடிஎம் பணத்தைத் தள்ளியதும் "சரிங்க" என்பார். இதை எழுதுகிறவனுக்கு அவர் அத்தை; இவன் அப்பா கதிர்வேலின் ஒரே தங்கச்சி.

அந்த மரியாதைதான் வம்பாகிப் போனது. பாட்டிக்குப் பின்னால் தாத்தாவும் உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்தார். நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. சட்டப்படி அண்ணனுக்குப் பாதி, தங்கச்சிக்குப் பாதி. ஊர் வழக்கப்படி, தங்கச்சி தன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும். அண்ணன் பட்டுச்சேலை எடுத்துக் கொடுப்பார். அப்புறம் ஆயுசுக்கும் சீர், விருந்து, பொறந்த ஊடு என்ற உறவு. போடாவிட்டால்? அப்படிப் போடாத ஒருத்தியின் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனே வரவில்லை. அந்தப் பந்தியில் லோகப்பிரியாவும் சாப்பிட்டார், வாசலைப் பார்த்தபடியே.

கதிர்வேல் மூன்று தடவை கேட்டார். "அம்மிணி, உனக்கு ஏதாச்சும் வேணுமா?"

"எனக்கெதுக்குங்ணா? நீங்களே வெச்சுக்குங்க." மூன்று தடவையும் இதேதான். இன்னொரு இட்லி வைக்க வந்தால் இலைக்குக் குறுக்கே தானாக நீளும் கை மாதிரி. வயிறு என்ன சொல்கிறது என்று அந்தக் கை கேட்காது.

ஆனால் வேண்டும். எல்லாம் இல்லை, வடக்கோரத்து நாற்பது மரம். கல்யாணத்துக்கு முந்தைய பஞ்சத்தில் கிணறு வற்றியபோது, லாரித் தண்ணியைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிப் பிழைக்க வைத்த கன்றுகள் அவை. இன்றைக்கும் அந்த வழியாகப் பஸ் போனால் தோப்புப் பக்கத்து ஜன்னலில்தான் உட்காருவார்.

பத்திர ஆபீசுக்கு, அண்ணன் எடுத்துக் கொடுத்த புதுப் பட்டுச்சேலையில் வந்தார். போட்டோ எடுத்தார்கள். சார்பதிவாளர் பேப்பரைப் பார்த்தபடியே கேட்டார். "யாரும் கட்டாயப்படுத்தலையே? சொந்த விருப்பத்தோடதானம்மா விட்டுக் குடுக்கறீங்க?"

லோகப்பிரியா அண்ணனைப் பார்த்தார்.

"கட்டாயம் ஒண்ணும் இல்லீங்க. விருப்பமும் இல்லீங்க."

பத்திரத்தைப் பதியாமல் திருப்பிக் கொடுத்து, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் கதிர்வேல் செருப்பைத் தேய்த்தபடி நின்றார். "ஏம்மிணி, மூணு வாட்டி கேட்டனே! மூணு வாட்டியும் வேண்டாம்னுபோட்டு, இப்ப நாலு பேரு முன்னால..."

"நீங்க கேட்டப்ப மரியாதைக்குச் சொன்னனுங்ணா. அவரு சர்க்காருங்க. அவருகிட்டப் போய் எப்படிங்க பொய் சொல்றது?"

கதிர்வேல் செருப்பைத் தேய்ப்பதை நிறுத்தினார். பிறகு சொன்னார், "நானும் மரியாதைக்குத்தான் கேட்டேன்."

"தெரியுமுங்ணா."

"எத்தனை வேணும்?"

"வடக்கால நாப்பது மரம். வாரத்துல ஒரு நா கிணத்துத் தண்ணி. மத்ததெல்லாம் உங்களுதுங்க." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். "எம்பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க வருவீங்கல்லங்ணா?"

"அடக் கிறுக்கு! மாமன் வராம எவன் முன்னால நிப்பான்?" என்று கத்தினார் கதிர்வேல். பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவர்கூட எட்டிப் பார்த்தார். அண்ணன் விடவில்லை: "சேலையைத் திருப்பிக் குடு. விடுதலைப் பத்திரத்துக்கு எடுத்தது அது."

"கட்டிப்போட்டனேங்ணா!"

"கட்டிக்கிட்டுத் தொலை. வா, டீ குடிக்கலாம்."

அடுத்த வாரம் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது.

இதை எழுதி முடித்து அத்தைக்குப் படித்துக் காட்டினால், முழுசும் கேட்டுவிட்டுக் கொப்பரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அத்தை சொன்னார்:

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க கண்ணு. ஆனா, டீக்கடைப் பெஞ்சுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, எஞ் சேலைத் தலைப்புல மூக்கைத் துடைச்சது உங்கப்பாதானுங்களே? அதைக் காணமே?"